பழைய கட்டடங்களும் ஊரின் அடையாளமும்

சைவ மரபில் சீரணோத்தாரணம் பெரும் புண்ணியமாகப் போற்றப்படுகின்றது. பழுதுற்ற ஆலயத்தைக் கைவிடாது திருத்திக் குடமுழுக்குச் செய்து மீண்டும் வழிபாட்டிற்கு உரியதாக்குவதே அதுவாகும். இந்நெறி ஊரின் ஏனைய பழைய கட்டடங்களுக்கும் பொருந்தும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை மழையும் கறையானும் அழித்துவிடும். ஆள் புழங்கும் கட்டடமே நிலைக்கும்.

கொட்டியாரக் குடாவின் அக்கரையிலுள்ள திருகோணமலை இதற்குச் சான்றாகும். 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களால் கோட்டை கட்டினர். ஓர் இனத்தின் அடையாளத்தை அழித்த மறுபயன்பாடு அது. ஆயினும் கோட்டை வாயிலில் உள்ள கயற் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதை இன்றும் உணர்த்துகின்றன. மீள அமைக்கப்பட்ட ஆலயத்திற்கு 1963 இல் குடமுழுக்கு நடைபெற்றது. அடியார்கள் இன்று அந்தக் கோட்டையினூடாகவே கோணேசரைத் தரிசிக்கச் செல்கின்றனர்.

நல்ல முறையிலான மறுபயன்பாட்டையும் அதே நகரிற் காணலாம். ஒல்லாந்தர் காலக் கடற்படை ஆணையாளர் இல்லம் நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டு, 2013 இல் கடற்படை வரலாற்று நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை 1681 ஆம் ஆண்டிலேயே இயங்கியதாக அறியப்படுகின்றது. அது 2011 இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட இடமாக மாற்றப்பட்டுப் பலருக்குத் தொழில் தருகின்றது.

இவற்றிலிருந்து கிராமங்கள் அறியவேண்டியவை மூன்று:

1. கட்டடத்தின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதி, படங்களும் எடுத்து வைத்தல் வேண்டும்.

2. பழைமை கெடாது திருத்துதல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தினால் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும். பாதுகாக்கப்பட்ட சின்னமாயின் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி அவசியம்.

3. பயன் ஊரவரைச் சேருதல் வேண்டும். நூலகம், அறநெறிப் பாடசாலை, தையற் பயிற்சி நிலையம் போன்றவை கிராமத்திற்கு ஏற்றவை.

சம்பூர் மக்களுக்கு இப்பாடம் மிகவும் நெருக்கமானது. 2006 இல் இடம்பெயர்ந்த மக்கள், 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தனர். அப்போது பல வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. பழைய கட்டடம் பல உள்ள ஊர் ஒன்றை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். அனைத்தையும் இழந்த ஊருக்கு எஞ்சிய ஒரு சுவரும் ஒரு கிணறுமே சாட்சிகளாகும். பிள்ளைகளுக்குத் தம் பாட்டன் வாழ்ந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேறு ஆதாரம் இராது.

எனவே புதிய கட்டடத்திற்கு அத்திவாரம் வெட்டுமுன், அவ்விடத்தில் எஞ்சியிருப்பதைப் பயன்படுத்த முடியுமா என ஊர்ச் சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் ஒருமுறை கூடி ஆராய்தல் நன்று. இடிப்பதற்கு ஒரு நாள் போதும். இடித்ததை எத்தனை ஆண்டு சென்றாலும் மீட்க இயலாது.

அருள்மிகு பத்திரகாளி அம்பாளின் திருவருள் இம்முயற்சிக்குத் துணை நிற்பதாக.