வெள்ளி ரூபாயைத் துலக்காதீர்கள்

விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையிலும் பீரோவிலும் இருக்கின்றன. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அவை வெளியே வருகின்றன. விற்க நினைப்பவர்களும் சரி, புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களும் சரி, நாணயத்தின் தரத்தைப் பற்றி ஒரே மாதிரியான தவறான நம்பிக்கைகளோடுதான் வருகிறார்கள். அவற்றில் ஒன்று நாணயத்தையே கெடுத்துவிடுகிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: கறுத்த நாணயத்தைத் துலக்கினால் மதிப்பு கூடும்

குறையும், அதுவும் பாதிக்குப் பாதிகூடக் குறையலாம். விபூதி, புளி, பல்பொடி என்று குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் செய்வதையே நாணயத்துக்கும் செய்துவிடுகிறார்கள். கிண்ணத்துக்கு அது சரி. நாணயத்துக்கு அது திருத்த முடியாத சேதம்.

அக்கசாலையில் அச்சு விழும்போது வெள்ளி அந்த அழுத்தத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்படி நகர்ந்ததன் தடமாக, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் பரப்பு முழுவதும் பதிந்துவிடுகின்றன. அதிகம் புழங்காத ஒரு நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஒளிப்பட்டை நாணயத்தோடு சேர்ந்து சுழலும். அதுதான் அசல் மினுக்கு. துலக்கியதும் அந்தக் கோடுகள் நசிந்துபோகும். அப்புறம் நாணயம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒளி சுழலாது, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே தட்டையான வெள்ளை. போதாததற்குத் துணியும் பொடியும் தேய்த்த கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பழகிய சேகரிப்பாளர் இதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கறுப்பு என்பது அழுக்கும் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் வெள்ளி சல்ஃபைடு அது. நாணயத்தின் சொந்த வெள்ளிதான் அப்படி மாறியிருக்கிறது. ஆகவே கறுப்பை எடுக்கும்போது மேல்தோலில் ஒரு படலத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். நகைக்கடைகளில் முக்கி எடுக்கும் திரவமும் இதையேதான் செய்கிறது. தேய்க்காததால் கீறல் விழாது என்பது மட்டுமே வேறுபாடு. பல ஆண்டுகளில் தானாகப் படிந்த சீரான சாம்பல் நிறத்தையும், விளிம்பில் தொடங்கி உள்ளே பரவும் பொன்னிறத்தையும் நீலத்தையும் சேகரிப்பாளர்கள் விரும்பியே வாங்குகிறார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கோ, மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தின் பிவிசி கசிந்து ஒட்டிய பச்சைப் பிசினோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் ஊறவிடலாம். அது வெள்ளியைத் தொடாது. தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம். எடுத்தபின் துடைக்காமல் உலரவிட வேண்டும். வீட்டில் செய்யத்தக்கது இவ்வளவே.

நம்பிக்கை: நூறு வருடப் பழசு, அதனால் லட்சக்கணக்கில் போகும்

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 1918-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளி நாணயத்துக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் இயற்றி, தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் சுமார் 26 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அந்த ஆண்டு கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் ஒவ்வொன்றும் 20 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. அப்படிக் குவிந்த நாணயம் தேய்ந்திருந்தால் அதற்கு வெள்ளி விலையும் கொஞ்சம் மேலும்தான் கிடைக்கும். அதே 1918 ரூபாய் புழங்காமல், மினுக்கு கெடாமல் கிடைத்தால் விலையே வேறு. சாதாரண ஆண்டு நாணயத்தில் தரம்தான் விலையைத் தீர்மானிக்கிறது.

1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும் இப்படித்தான். பத்தாண்டுக்கும் மேலாக அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். ஆண்டைப் பார்த்து அரிதென்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நம்பிக்கை: முகமும் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் அது புழங்காத நாணயம்

இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உலகெங்கும் இன்று புழங்கும் 1 முதல் 70 வரையான அளவுகோலை அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல், அந்நாட்டின் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக வகுத்தார். அதன்படி 60-இலிருந்து 70 வரைதான் அன்சர்குலேட்டட், அதாவது புழங்காதவை. 50 முதல் 58 வரை, லேசாகத் தேய்வு தொட்ட நாணயங்கள். 40, 45 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். 20 முதல் 35 வரை வெரி ஃபைன். வெரி ஃபைனிலேயே முகமும் எழுத்தும் முழுசாகத் தெரியும். ‘குட்’ என்பதோ 4 முதல் 6 வரை, உருவம் மட்டும் மிஞ்சிய நிலை.

ஆகவே பார்க்க வேண்டியது முகம் தெரிகிறதா என்பதை அல்ல, மேடான இடங்களை. விக்டோரியாவில் காதோரக் கூந்தல், கன்னம், மார்புத் துணியின் வேலைப்பாடு. எட்வர்டு கிரீடம் இல்லாத தலை. காதும் அதன் மேலுள்ள முடியும் முதலில் போகும். ஐந்தாம் ஜார்ஜில் புருவம், காது, மேலங்கிச் சங்கிலியில் தொங்கும் யானை. இந்த மேடுகளில் மினுக்கு அறுந்து மங்கிய சாம்பல் திட்டு தெரிந்தால், மற்ற இடம் எவ்வளவு மின்னினாலும் அது புழங்கிய நாணயம்தான்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. அச்சு சரியாக அழுந்தாததால் கூந்தல் கோடுகள் மழுங்கியே பிறந்த நாணயங்கள் இருக்கின்றன. மழுங்கிய இடத்திலும் மினுக்கு தொடர்ந்தால் அது தேய்வு அல்ல. அக்கசாலை மூட்டைகளில் ஒன்றோடொன்று மோதிய சிறு வடுக்களும் நாணயத்தைப் புழங்கியதாக்கிவிடாது. 60-க்கும் 70-க்கும் இடையே எங்கே நிற்கும் என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன.

அந்த யானையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1911 ரூபாயில் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அந்த நாணயங்களைத் திரும்பப் பெற்று, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். இன்று தும்பிக்கை தேய்ந்த பிற்கால ரூபாய்களையெல்லாம் ‘பன்றி ரூபாய்’ என்று சொல்லி விற்கிறார்கள். ஆண்டு 1911 என்று இருந்தால் மட்டுமே அது பன்றி ரூபாய். மற்றவை வெறும் தேய்ந்த ரூபாய்.

நம்பிக்கை: எடை சரியாக இருந்தால் தரமும் சரி

எடை சொல்வது வேறு செய்தி. இந்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை நன்றாகத் தவறினால் போலியோ என்று சந்தேகிக்கலாம். ஆனால் துலக்கிக் கெட்டுப்போன ரூபாயும் தராசில் ஏறத்தாழ அதே எடையைத்தான் காட்டும்.

நம்பிக்கை: பெட்டியில் முத்திரையிட்டு வந்தால் கேள்வியே வேண்டாம்

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் நாணயத்தைத் தரம் பார்த்து ஸ்லாப் என்னும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. உதவியான ஏற்பாடுதான். ஆனால் உறையே போலியாகவும் வருகிறது. அதிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சீட்டில் ‘டீடெய்ல்ஸ்’ என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். துலக்கியது, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டது, விளிம்பை அரத்தால் ராவியது போன்ற நாணயங்களுக்குத் தர எண் கொடுக்காமல் அப்படித்தான் எழுதுவார்கள். டாலராகக் கோத்துப் போட்ட வெள்ளி ரூபாய் நம் ஊரில் ஏராளம் என்பதால் விளிம்பின் பன்னிரண்டு மணித் திசையை எப்போதும் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வீட்டில் இருப்பதை விற்பதாக இருந்தாலும் வைத்துக்கொள்வதாக இருந்தாலும், ரப்பர் பேண்டையும் செய்தித்தாளையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். நகைக்கடையில் உருக்கு விலைக்குப் போடும் முன், இருக்கிற நிலையிலேயே, துலக்காமல், நாணயம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.