கடனே தளையாக

நுழையும்முன்

குற்றம் புரிந்தவர் கடல் கடத்தப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. குற்றம் ஏதும் புரியாதவர் பசியின் பொருட்டுக் கடல் கடந்து, கட்டுண்டு உழைத்த வரலாறும் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியினின்று இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வறண்ட நிலமும் வந்த பஞ்சமும்

சேலம், நாமக்கல் சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைய மழையே துணை. மழை பொய்த்தால் முதலில் வேலை இழப்பவர் நிலமற்ற கூலியாள்களே. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்துக்கும் மேலாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இறந்தவர் போக, எஞ்சியோருள் பலர் ஊரை விட்டு வெளியேறினர்.

கங்காணியின் வருகை

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள்கள் தேவைப்பட்டனர். ஆள் திரட்டும் பணியைக் கங்காணி மேற்கொண்டார். அவர் பெரும்பாலும் அதே வட்டாரத்தவர். உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்கவர். பழைய கடனைத் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் அவர் முன்பணம் தந்தார். பசித்த குடும்பத்துக்கு அது கைகொடுத்த உதவியாகத் தோன்றியது. கணக்கேட்டிலோ அதுவே முதற்கடனாகப் பதிந்தது.

தொடக்கக் காலத்தில் படகில் மன்னார்க் கரையை அடைந்தோர், காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

துண்டு என்னும் சீட்டு

தோட்டத்தில் விடியுமுன் தொடங்கும் பெரட்டு, நாள் முழுதும் வேலை, இரவில் லயத்தின் ஓர் அறை என வாழ்வு வரையறுக்கப்பட்டது. பெண்களுக்குக் கூலி ஆண்களைவிடக் குறைவு. அரிசியும் முன்பணமும் கூலியிலிருந்து கழிக்கப்பட்டன. வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், கடன்தொகை எழுதப்பட்ட 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்திய பின்னரே மாறமுடியும். ஆள் மாறினாலும் கடன் மாறவில்லை. அவருடனேயே அதுவும் பயணம் செய்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

இருவகைக் கட்டுகள்

1788 முதல் பிரிட்டனின் கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அயர்லாந்து நாட்டவரும் அவர்களுள் மிகுதி. பலர் பண்ணை உரிமையாளரிடம் வேலையாள்களாக ஒப்படைக்கப்பட்டனர். உணவும் உடையும் உண்டு, கூலி கேட்கும் உரிமை இல்லை, கசையடியும் நேர்ந்தது. எனினும் 7 ஆண்டுத் தண்டனை பெற்றவருக்கு விடுதலை நாள் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது.

தோட்டத் தொழிலாளி கைதி அல்லர். அவர் கூலி பெற்றார், குடும்பத்துடன் வாழ்ந்தார், சிலர் ஊர் திரும்பி நிலமும் வாங்கினர். ஆயினும் கடன் தீரும் நாளை எந்தச் சட்டமும் குறிக்கவில்லை. தண்டனைக்கு எல்லை இருந்தது. கடனுக்கு எல்லை இல்லை என்பதே இவ்விரு வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு.

தெரிந்து தெளிவோம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர், 'டுரூரோ' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தனர். 1894இல் முதலாளியால் தாக்கப்பட்டுப் பல் உடைந்த நிலையில் காந்தியடிகளை நாடிவந்த பாலசுந்தரம், தமிழ்த் தொழிலாளரே. காந்தியடிகளின் முயற்சியால் அவருடைய ஒப்பந்தம் வேறொருவருக்கு மாற்றப்பட்டது.

தளை தளர்ந்த பின்

இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் துயர் முடியவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் பிரித்தது. மலையிலே பிறந்து வளர்ந்த பலர், பாட்டனார் விட்டுச்சென்ற ஊருக்குப் புதியவராக வந்து சேர்ந்தனர்.

விலங்கு இரும்பால் மட்டும் செய்யப்படுவதில்லை. ஏட்டில் எழுதிய எண்ணும் விலங்காகும். முன்பணம் பெற்றுச் செங்கற்சூளைகளில் உழைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும், அது இன்றும் தேவைப்படுவதும் அதனாலேயே.