அநுமானத்தின் ஆதாரம் யாது?

யான் ஆலைத் தொழிலாளியாய் இருந்த காலத்தில், விடியற்காலை சங்கு ஊதும், வாயிற்கதவு திறக்கும். இருபது ஆண்டுகள் இவ்வாறே நிகழ்ந்தது. ஒருநாட் காலை சங்கு ஊதவில்லை. கதவில் பூட்டும் கதவடைப்பு அறிவிப்பும் தொங்கின. இருபதாண்டு அநுபவம் அன்று உலை வைக்க உதவவில்லை.

கண்டவற்றைக் கொண்டு காணாததைத் துணிதல் எங்ஙனம் தகும்? ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் 1739-ல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை எழுப்பினார். இயற்கை என்றும் ஒரே சீராய் நடக்கும் என்பீராயின், அதனை எவ்வாறு அறிந்தீர்? இதுகாறும் அவ்வாறு நடந்ததால் எனின், நிறுவ வேண்டியதனையே ஆதாரமாகக் காட்டினீர்.

அவருக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன், ஏழாம் நூற்றாண்டில், பௌத்த தர்க்க ஆசிரியர் தர்மகீர்த்தி இதனை ஆராய்ந்துள்ளார். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கப் பன்முறை கண்டோம் என்பது போதாது. நெருப்பினின்றே புகை பிறக்கின்றது என்னும் காரண காரியத் தொடர்பு வேண்டும் என்றார். (இயல்பால் அமைந்த தொடர்பையும் அவர் ஏற்பார், மாவென்றால் மரமே என்பது போல.) என் ஆலைச் சங்கு கதவைத் திறக்கவில்லை, அன்பர்களே! பருத்தி வரத்தும் முதலாளியின் கட்டளையுமே இரண்டையும் நடத்தின. யாங்கள் ஊதலை எண்ணினோம், காரணத்தை எண்ணினோமில்லை.

ஹியூம் இதற்கும் விடமாட்டார். காரணம் என்பதையும் மீண்டும் மீண்டும் கண்டன்றோ அறிகின்றீர் என்பார். இவ்வையத்தை முற்றும் ஒழிக்கும் விடையை யான் கண்டிலேன். ஆயினும் காரணம் தேடுவார்க்கு நேர்வது யாதென வானநூல் காட்டும்.

யுரேனஸ் கோள் நியூட்டன் விதிப்படி செல்லாது பிறழ்ந்தது. காணாத கோளொன்று ஈர்க்கின்றது எனப் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, அவர் குறித்த இடத்திற்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் பெர்லினில் காணப்பட்டது. புதன் கோளின் செலவிலும் பிறழ்ச்சி இருந்தது. 1859-ல் அவர் அதே வழியிற் சென்று, ஞாயிற்றுக்கருகே காணாத பொருள் உண்டென்றார். வல்கன் என்று பெயரும் இட்டாயிற்று. கோள்தான் இல்லை! பிறழ்ச்சியோ நூற்றாண்டுக்கு 43 விகலை. விகலையாவது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு கூறு. நெசவில் ஓர் இழை விட்டாற் போன்ற அச்சிறு பிழையை 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கையே விளக்கிற்று.

கொள்கையை மெய்யென நிறுவ இயலாது, பொய்க்கின்றதா எனச் சோதிக்கவே இயலும் என்று கார்ல் பாப்பர் 1934-ல் எழுதினார். பாலத்தின்மேல் நாளை நடக்க வேண்டியவனுக்கு, இன்னும் பொய்க்கவில்லை என்ற சொல் போதுமா? போதாதென்பதே என் துணிபு. பாலம் எதனால் நிற்கின்றது, எப்பாரத்தில் வீழும் என்று கூறவல்ல கொள்கையே அவனுக்கு வேண்டும். நியூட்டன் விதியும் அவ்வாறே இன்றும் பயன்படுகின்றது. அது எங்கே பிழைக்கும் என்பதைப் புதன் கோள் காட்டிவிட்டது.