'டெக்கரேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்

'அலங்கரி' என்பதற்கு ஆங்கிலத்தில் பெரிதும் வழங்கும் வினைச்சொல் 'டெக்கரேட்'. பொருள் எளிது, இடர்ப்பாடு நம் 'ஆல்' உருபினால் வருகின்றது. "தேர் பூக்களால் அலங்கரிக்கப்பட்டது", "தேர் இளைஞர்களால் அலங்கரிக்கப்பட்டது" என ஈரிடத்தும் நாம் 'ஆல்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலமோ இவற்றைப் பிரித்துக் காட்டும். செய்தவருக்கு 'பை', பயன்பட்ட பொருளுக்கு 'வித்'. பூக்களுக்குப் 'பை' எழுதினால், பூக்களே எழுந்து வந்து தேரைச் சோடித்தன என்றாகிவிடும்!

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இங்கே பிள்ளைக்கு உதவலாம். "யார் செய்தது? எதைக்கொண்டு செய்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள். முதற் கேள்விக்கு விடையாவது 'பை' பெறும். அடுத்ததற்கு விடையாவது 'வித்' பெறும்.

இவ்வினைக்குச் செயப்படுபொருளாக வருவது அழகு பெறும் பொருளே. பந்தலைத்தான் 'டெக்கரேட்' செய்கிறோம், தோரணத்தை அன்று. தோரணம் கட்டப்படுவது; அதற்கு 'ஹேங்' என்னும் சொல் உண்டு.

இன்னொரு பொருளும் உண்டு. போர்வீரரைப் பற்றிய செய்தியில் இச்சொல்லைக் கண்டால் பூமாலையை எண்ணற்க. பதக்கம் அணிவித்துச் சிறப்பித்தனர் என்பதே பொருள். வீரத்திற்காக என்று காரணம் கூறுமிடத்து 'ஃபார்' வரும். அணி, பெருமை ஆகிய இரு பொருளும் இச்சொல்லின் இலத்தீன் மூலத்திலேயே உள்ளன.