ஈந்த நிரல் எவர் ஆட்சிக்குரியது?

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அதனை யாவரும் காணவும் திருத்தவும் வழங்கவும் விடுவது திறந்த மூலநெறி. அந்நெறியில் உழைக்கும் எம் மாணவர் அறியவேண்டிய ஒன்றை ஈண்டு நோக்குவாம்.

அமெரிக்கக் கம்பனியாகிய ஹாஷிக்கோர்ப் 2014இல் டெராஃபோம் என்னும் மென்பொருளை மொசில்லாப் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அக்கம்பனியின் ஊதியம் பெறாத பலரும் அதனைத் திருத்தி வளர்த்தனர். 2023 ஓகஸ்ட் 10ஆம் நாள், இனி வரும் பதிப்புகளுக்கு வேறோர் உரிமம் என்று கம்பனி அறிவித்தது. அதனோடு போட்டியிடும் சேவைகளுக்கு அப்பதிப்புகள் விலக்காயின; நான்காண்டு கழிந்த பின்னரே அவை பழைய உரிமத்துக்கு மீளும்.

பிறர் எழுதிய நிரலுக்கும் இவ்விதியை இட அதிகாரம் எங்ஙனம் வந்தது? நிரல் ஈந்தோர் முன்னரே இசைந்த பங்களிப்பாளர் ஒப்பந்தத்தால் வந்தது. பதிப்புரிமை எழுதியவரிடமே நிற்கும். ஆயினும், அந்நிரலைத் தான் விரும்பும் உரிமத்தில் வழங்கும் அனுமதி கம்பனிக்கு உண்டு. உடைமை போகவில்லை, ஆட்சி போயிற்று என்க. காணி உறுதியெனின் நொத்தாரிசு வாசித்துக் காட்டுவார். இதுவோ ஒரு சொடுக்கில் முடிந்துவிடும்!

லினக்ஸின் கரு நிரலுக்கு இத்தகைய ஒப்பந்தம் இல்லை. அதன் பதிப்புரிமை பல்லாயிரவரிடம் பரந்து கிடத்தலின், எக்கம்பனியும் தனித்து உரிமத்தை மாற்ற இயலாது.

டெராஃபோமிலும் முன்னர் ஈந்த உரிமத்தை மீளப் பறித்தல் இயலவில்லை. பழைய பதிப்பைக் கொண்டே ஓப்பன்டோஃபு என்னும் கிளை தோன்றி, 2023 செப்டெம்பரில் லினக்ஸ் பவுண்டேசனிற் சேர்ந்தது.