குடகனாற்றுச் செம்மண்ணும் கடலடிக் காட்சியும்

திண்டுக்கல் சமவெளியில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் வங்கக் கடற் புயல்கள் இந்நிலத்திற்குப் புதியவை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், வலுவிழந்தபடியே திண்டுக்கல் பகுதியைக் கடந்து கேரளம் வழியாக அரபிக் கடலை அடைந்தது. 1977 நவம்பரில் பெய்த புயல்மழையிலோ, வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே புதிதாக எழுப்பப்பட்டிருந்த அணையே உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் கதவுகளை முழுமையாக உயர்த்த இயலவில்லை. வெள்ளம் மண்கரையின்மேல் வழிந்து அதனை அரித்துவிட்டது. அவ்வெள்ளம் எந்நிறத்தில் ஓடியிருக்கும் என்பதை இவ்வூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடகனாறு செம்மண் நிலத்தினூடே வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூர் அருகே காவிரியைச் சேர்கிறது. பெருவெள்ளக் காலத்தில் காவிரி நீரின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலை அடையும். பருமணல் வழியிலுள்ள அணைகளில் தங்கிவிடும். நுண்களிமண் அவ்வாறு எளிதில் தங்காது.

கடல் கலங்குவதற்கு ஆற்றுவண்டல் ஒரு காரணம், புயலலை மற்றொன்று. அலையின் அசைவு ஏறத்தாழ அதன் நீளத்தில் பாதியளவு ஆழம் வரை செல்லும். ஆகவே 100 மீட்டர் நீளமுள்ள அலைக்கு 20 மீட்டர் ஆழத்துக் கடலடி எளிதில் எட்டிவிடுகிறது. அங்குள்ள மணலும் சேறும் கிளர்ந்தெழுகின்றன. 0.1 மில்லிமீட்டர் மணற்பரல் 10 மீட்டர் இறங்க அரைமணி நேரம் போதும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ, அசைவற்ற நன்னீரில் அதே தொலைவை இறங்க ஒரு மாதம் ஆகும். கடல்நீரின் உப்பு இத்துகள்களைத் திரளச் செய்து விரைவில் படியவைக்கும்; எனினும் அலை ஓயாதவரை படிந்தது மீண்டும் எழும். புயல் நீங்கி வானம் தெளிந்த பின்னரும் நீர் தெளியாதிருப்பது இதனாலேயே.

மிதக்கும் துகள்கள் ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசவைப்பதுபோல, கலங்கிய நீரில் கைவிளக்கும் பயன்படுவதில்லை. காற்றுக்கலன் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பில் இருவர் இணையாகச் செல்வது வழக்கம். ஒருவரையொருவர் காண இயலாதபோது அவ்விணை குலைகிறது. அறுந்து கிடக்கும் வலையும் கண்ணில் படாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு இறக்கப்பட்ட மறுநாளே கடலில் மூழ்க விரைவது அறியாமை.

தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பூம்புகார்க் கடலில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பொன்றைக் கண்டனர். கொள்ளிடம் கடலில் சேருமிடம் அங்கிருந்து வடக்கே தொலைவில் இல்லை. வண்டல் மிகுந்த அக்கடலில் கட்டுமானத்தையும் இயற்கைப் பாறையையும் வேறுபடுத்தி அறிவது எளிதன்று. கண்ணால் காண இயலாதபோது கையால் தடவியே அறிய வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கடல் அடங்கித் தெளியும் மாசி, பங்குனி மாதங்களையே தேர்ந்தனர். கருவிகள் இல்லாத காலத்திலேயே அவர்கள் பெற்றிருந்த இவ்வறிவு வியப்பிற்குரியது.

முக்குளிப்பவரின் பார்வையை மறைக்கும் அத்துகள்களில் திண்டுக்கல் உழவரின் மேல்மண்ணும் அடங்கும். பயிருக்கு ஊட்டம் தருவது அம்மெல்லிய அடுக்கே. ஒரு புயல்மழையில் போவதை மீண்டும் உருவாக்க நிலத்திற்கு நெடுங்காலம் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பு உயர்த்திய மானாவாரி நிலத்தில் மழைநீர் தேங்கி இறங்குகிறது, மண்ணும் தங்குகிறது. அந்நிலத்திலிருந்து ஓடைக்கு வழியும் நீர், அதே மழையிலும் அவ்வளவு சிவந்து ஓடுவதில்லை.