வாராவாரம் படித்தால் சர்டிபிகேட் கைக்கு வரும்

கோவை ஆவாரம்பாளையத்தில் பம்ப் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டே, ஐஐடிகளின் என்பிடெல் திட்டம் நடத்தும் 12 வார ஆன்லைன் பாடம் ஒன்றை முடித்தேன். அதிலிருந்து, எங்களிடம் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அசைன்மென்ட் எல்லாம் போட்டுட்டேனுங்ண்ணா, சர்டிபிகேட் வந்துருமுங்களா?"

வராது. என்பிடெல் பாடங்கள் இருக்கும் ஸ்வயம் இணையதளத்தில் பாடத்தில் சேருவது இலவசம்; தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். நான் எழுதியபோது ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பாடம் தொடங்கிய பிறகு வரும் தேர்வுப் பதிவு அறிவிப்பு, படிக்காத மின்னஞ்சல்களுக்குள் புதைந்துபோகும். கடைசித் தேதி தாண்டினால் அந்தப் பருவத்தில் தேர்வு எழுத முடியாது. அறிவிப்பு வந்த வாரமே கட்டிவிடுங்கள்.

அடுத்து, மதிப்பெண் கணக்கு. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரத்தில் சிறந்த 8 அசைன்மென்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். காய்ச்சலோ ஊர்த் திருவிழாவோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் பயப்பட வேண்டாம். ஆனால் 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தால்தான் சர்டிபிகேட். மொத்தம் 60 தொட்டால் சர்டிபிகேட்டில் ‘எலைட்’ என்ற தகுதி. அசைன்மென்டில் 22.5 வைத்திருப்பவர் தேர்வில் பாதி எடுத்தாலே 60 வந்துவிடும். பத்தோடு நிற்பவருக்கோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். அசைன்மென்ட் கெடு முடிவதற்கு முன்பே விடைகள் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகின்றன. அதைப் பார்த்துப் போட்டால் 25 கிடைக்கும். ஆனால் தேர்வு, மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம் எழுதுவது. அங்கே வாட்ஸ்அப் வராது.

நான் செய்தது இதுதான். கெடு பெரும்பாலும் புதன் இரவு. ஞாயிறே வீடியோக்களைப் பார்த்து, கணக்குகளை நோட்டில் போட்டு, விடையைப் பதிவேற்றிவிடுவேன். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். கடைசியாக அனுப்பியதே கணக்கில் வரும். கெடு முடிந்ததும் வெளியாகும் சரியான விடைகளை வைத்து, தவறியதை அதே நோட்டில் மறுபடி போட்டுப் பார்ப்பேன். தேர்வுக்கு முந்தைய வாரம் வீடியோ எதையும் திறக்கவில்லை; அந்த நோட்டு மட்டும் போதுமானதாக இருந்தது.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க யுஜிசி 2021-இல் அனுமதித்தது. ஆனாலும் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்டு வாங்குங்கள்.

தேர்வு ஊராகக் கோவையைத் தேர்ந்தெடுத்தாலும், மையம் காந்திபுரத்துக்குப் பக்கத்திலேயே அமையும் என்று நினைக்காதீர்கள். ஹால் டிக்கெட் வந்ததும் பஸ் வழியைப் பார்த்து வையுங்கள். அச்சிட்ட ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் முதல் நாள் இரவே பைக்குள் இருக்கட்டும்.

ஐஐடி பேராசிரியரின் வகுப்பு, பொள்ளாச்சியில் தோட்டத்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. அதை யாரோ போட்ட விடையைப் பார்த்து எழுதித் தீர்த்துவிடாதீர்கள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். பாடமும் மனதில் நிற்கும், சர்டிபிகேட்டும் வரும்.